விளிம்பில் ஆள் இல்லை

கோகிலவாணி வந்து இறங்கிய அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. டாக்டர் கேட்டிருந்தால் அசிடிட்டி என்று சொல்லியிருப்பேன். உங்களிடம் எதற்குப் பொய். பொறாமைதான். அவள் மாதேஸ்வரனின் மனைவி, முறைப்படி தாலி கட்டியவள், பூமியிலிருந்து இத்தனை தூரம் புருஷனைத் தேடி வந்திருக்கிறாள். எரிச்சல்பட எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். உரிமை பார்த்தா வயிறு எரிகிறது?

நான் ஜெசிந்தா, நாகர்கோவில்காரி. நிலவுக்கு அந்தப்பக்கம், பூமியின் சத்தம் எட்டாத இடத்தில் மிதக்கிற தொலைசெவி நிலையத்தில் வேலை. நாங்கள் அதைக் காது என்றுதான் சொல்வோம். மொத்தம் எட்டுப் பேர். நிலையத்துக்கு வெளியே ஒரு வலை விரிந்து கிடக்கிறது. எங்கள் ஊரையே போர்த்திவிடலாம், அத்தனை பெரியது. வானத்தின் அந்தக் கோடியிலிருந்து வரும் முணுமுணுப்பைப் பிடிக்கிற வலை. அதில் தினமும் எங்காவது தூசிக்கல் பட்டுக் கண்ணி அறுந்துபோகும். அதைத் தேடிப் பிடித்துத் தைக்க இரண்டு பேர் வெளியே போக வேண்டும். அந்த இரண்டு பேர், நானும் மாதேஸும்.

வெளியே போனால் ரேடியோ கூடாது. விளக்கை மின்னிச் சைகை காட்டவும் கூடாது. வலைக்கு அவ்வளவு கூச்சம். நம் தொண்டைச் சத்தம் அதில் விழுந்தால் அன்றைய வேலை பாழ். அதனால்தான் நூல். தையல் நூல் இல்லை. சுண்டுவிரலில் பாதி தடிமன், பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக்கைவிட இளக்கமானது. பத்துப் பன்னிரண்டு மடங்கு இழுபடும், அறாது. ஒரு முனை என் பெல்ட்டில், மறுமுனை மாதேஸ் பெல்ட்டில். நான் வலையின் நடுக்கம்பத்தில் என்னைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவர் விளிம்பு வரை மிதந்து போய்த் தைத்துவிட்டு வருவார். பேச வேண்டுமென்றால் நூலைச் சுண்டுவார். அந்த அதிர்வு அலையாக ஓடிவந்து என் பெல்ட்டில் தட்டும். பெல்ட்டில் இருக்கிற கவ்வி அதை அப்படியே நிலையத்துக்குப் போகிற இன்னொரு நூலில் ஏற்றிவிடும். நிலையத்தில் மேசையில் இருப்பவர் அதைத் திரையில் கோடாகப் பார்ப்பார். எங்களுக்கென்று ஒரு தட்டு மொழி உண்டு. எங்கே, விளிம்பு, வருகிறேன், நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுண்டு வரிசை.

ஓராண்டு இப்படி நூலில் பேசினோம். யோசித்துப் பாருங்கள். காதில் விழாத பேச்சு, இடுப்பில் வந்து தட்டுகிற பேச்சு. தைத்துக்கொண்டே இருக்கும்போது அவருக்குச் சலிப்பு வந்தால் மொழியில் இல்லாத ஒரு சின்னச் சுண்டு சுண்டுவார். சும்மா. நான் இருக்கிறேன் என்பதற்கு. நானும் சும்மா ஒன்று திருப்பிச் சுண்டுவேன். அவ்வளவுதான். அவர் என் கையைக்கூடத் தொட்டதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஊரில் என் சித்திக்குத்தான் வருத்தம். ஆனால் அந்தச் சும்மாவுக்காக நான் ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரியப்படுத்துகிற அளவுக்கு நான் வெட்கம் கெட்டவளும் இல்லை.

அப்போதுதான் இவள் வந்தாள். கீழே தொங்கு பாலங்களின் இரும்பு வடங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவள், கெட்டிக்காரி என்று சொல்லி மேசை வேலைக்குப் போட்டார்கள். முதல் நாளே என்னை "அக்கா" என்றாள். அவளுக்கும் எனக்கும் ஒரு வயது வித்தியாசம் இருந்தால் அதிகம். அக்கா என்று கூப்பிட்டே ஒருத்தியை ஓரங்கட்டுவது நம்மூர்ப் பெண்களுக்குக் கைவந்த கலை. வந்த கையோடு அவர்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதப் பொடிப் பொட்டலம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து, அவருக்கு மட்டும் தனியாகக் கலந்து கொடுத்தாள். அதுவரை என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட மனுஷன் அன்றிலிருந்து அவள் அறையில் சாப்பிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்னொன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னோடு பேசிப் பேசி, ஈரோட்டுக்காரர் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு ஏறியிருந்தது. "என்னத்துக்கு" என்பார், "கேட்டியளா" என்பார். இவள் வந்த ஒரே வாரத்தில் அதெல்லாம் போய் "எதுக்குங்", "ஆமாங்" திரும்பி வந்துவிட்டது. ஓராண்டு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டது போல் இருந்தது. தனியாக உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகவில்லை. மேசையில் உட்கார்ந்து எங்கள் நூலில் ஓடுவதையெல்லாம் பார்க்கிறவள் அவள்தானே. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மொழியில இல்லாத ஒரு சுண்டு அடிக்கடி வருதுங்களே. அது என்னங்?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். மனுஷன் அங்க தனியா நிக்கான்லா."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். எங்கள் டீ பைக்குள் இருக்கும், உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும், ஆற்ற ஒன்றுமில்லை. கை பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொன்னு கேக்கட்டுங்களா. நீங்க ஒரு சுண்டு சுண்டுனா அது என்ற வீட்டுக்காரரு பெல்ட்டுல முட்டித் திரும்பி வருது. சரிங். போயிட்டு வர்ற நேரம் மாறவே மாட்டீங்குதே. கதவைத் தாண்டி நீங்க ரெண்டு பேரும் ஒட்டி நிக்கிறப்ப என்ன நேரமோ, அதே நேரந்தான் கடைசி வரைக்கும்."

"ஆமா. மாறாது. எங்களுக்குள்ள எப்பவும் அப்படித்தான்."

நான் நூலைச் சொன்னேன். எங்களுக்குள்ள என்ற வார்த்தையை மட்டும் வேண்டுமென்றே சேர்த்தேன், அவள் கொஞ்சம் கடுப்பாகட்டும் என்று. கடுப்பாகித்தான் எழுந்து போனாள். அவள் மனதில் என்ன கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? மேசைக்காரர்களுக்குத் தட்டு மொழி சொல்லிக் கொடுப்பார்கள். நூலின் குணம் வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான். வடம் தெரிந்தவளுக்கு நூலைப் பற்றி என்ன சொல்லித் தர வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நிலையத்தில் இருப்பதே நரகமாக இருந்தது. குறுகலான வழியில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவோம். மாதேஸ் நடுவில் ஒன்றும் புரியாமல் இருந்தார். ஒருநாள் வெளியே போக உடுப்பு மாட்டும்போது, "வாணி நேத்து என்கிட்டப் பேசவே இல்லீங், ஜெசி. விளிம்புக்குப் போனீங்களான்னு நாலு தடவ கேட்டா. போனேன்னு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறா," என்றார்.

"என்னத்துக்காம்?"

"யாருக்குத் தெரியும். நான் போகாம யாரு போவா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இருவருக்கும் ஆகவில்லை என்றால் எனக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். நல்ல எண்ணம் இல்லைதான். அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

அன்றைக்குத்தான் அது நடந்தது. மேசையில் நடந்ததை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் வெளியே போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மாதேஸ் விளிம்பில் இருந்தார். ஒரு பெரிய கிழிசல், கால் கொக்கியை விளிம்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து உத்தரவு. செத்துப் போனதாக நினைத்த ஒரு நட்சத்திரம் திடீரென்று கத்த ஆரம்பித்திருக்கிறதாம், அடங்கிவிடும் முன் வலையை அந்தப் பக்கம் திருப்ப வேண்டுமாம். வலையைத் திருப்பினால் நடுக்கம்பம் நின்ற இடத்தில் மெல்லச் சுழலும். அங்கே நிற்கிற எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விளிம்பு அத்தனை அகலத்தையும் ஒரே வீச்சில் வீசிக்கொண்டு போகும். அங்கே ஆள் இருந்தால் அடித்துத் தூக்கி எறிந்துவிடும். அதனால் ஒரு கட்டாய வழக்கம். மேசையில் இருப்பவர் வாய்விட்டு "விளிம்பில் ஆள் இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் நிலையத் தலைவி மெஹருன்னிசா விசையில் கை வைக்க மாட்டார்.

வாணி கேட்டாள். எங்கே என்று சுண்டினாள். அது என் பெல்ட்டைத் தட்டிவிட்டுப் போனது. விளிம்பு என்று மாதேஸ் பதில் சுண்டினார். அதுவும் என் பெல்ட்டைத் தட்டிவிட்டு நிலையத்துக்குப் போனது. சரி, கேட்டாள், சொல்லிவிட்டார், இனி காத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன்.

மேசையில் அவள் அந்தப் பதிலையும் பார்த்தாள். என் சுண்டு ஒன்று அவரிடம் போய்த் திரும்பிய நேரத்தையும் பார்த்தாள். வழக்கமான அதே நேரம். மெஹர் மேடம் பின்னால் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்.

"என்ன வாணி, விளிம்பு காலியா?"

"விளிம்பில் ஆள் இல்லை, மேடம்," என்றாள் அவள்.

கம்பம் என் முதுகுக்குப் பின்னால் நகர ஆரம்பித்தபோது எனக்குப் புரியவே இல்லை. புரிந்து நிறுத்து என்று சுண்டக் கை போவதற்குள் இடுப்பில் ஒரு இழுப்பு வந்தது பாருங்கள், ஆளையே இரண்டாக மடிக்கிற இழுப்பு. சட்டம் அவர் தோளில் அடித்துக் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு அவரை வெளியே வீசிவிட்டது. நூலைப் பிடித்திருந்த கவ்வி வழுக்க ஆரம்பித்தது. வழுக்கிக் கழன்றால் போயிற்று, அந்த மனுஷன் போய்க்கொண்டே இருப்பார், யாரும் பிடிக்க முடியாது. நான் நூலை இடது கையில் சுற்றிக்கொண்டேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தோள்பட்டைக்குள் ஏதோ கிழிகிற சத்தம் எலும்பு வழியாகவே காதுக்குக் கேட்டது. கத்தினேன். தலைக்கவசத்துக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

வலக்கையால் நிறுத்து, நிறுத்து என்று நிலையத்து நூலில் சுண்டினேன். பிறகு மாதேஸ் நூலை ஒரு சுண்டு சுண்டினேன். அவர் பெல்ட்டில் முட்டித் திரும்பும் எதிரலை வந்தது. அவர் கண்காணாத தூரத்தில் பறந்துகொண்டிருந்தார், எதிரலை வழக்கமான அதே நேரத்தில் நிதானமாக வந்து தட்டியது. மேசையில் வாணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் கண்ணுக்கு அவர் இன்னும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

எதிரலை பெல்ட்டிலிருந்து வருவது. ஆள் செத்திருந்தாலும் வரும். அவரே சுண்டினால்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நான் கேட்காத சாமி இல்லை. மாதாவைக் கூப்பிட்டேன், அவர் குலதெய்வம் பெயர் தெரியாது, இருந்தாலும் அதையும் கூப்பிட்டேன். நூல் இழுபட்டு இழுபட்டு, அவர் வேகத்தைத் தின்று, கடைசியில் நின்றது. இரும்பு வடமாக இருந்தால் முதல் வெட்டிலேயே ஆளை அறுத்திருக்கும். நூல் மெல்லத் திருப்பி இழுக்க ஆரம்பித்த பிறகு ஒரு சுண்டு வந்தது, தடுமாறித் தடுமாறி.

மேசைக்குச் சொல். நலம்.

நான் கை கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் உயிரைப் பிடித்திருப்பது நான். அவர் முதலில் செய்தி அனுப்புவது மேசைக்கு. அதுவும் என் இடுப்பு வழியாக. அந்த வலியிலும் எனக்கு வயிறு எரிந்தது என்றால் நம்புவீர்களா? எரிந்தது. செய்தியை அனுப்பிவிட்டு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்த்தேன்.

அவருக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது, இங்கேயே கூடிவிடும் என்றார் டாக்டர். என் தோள் அப்படியில்லை. தசைநார் மொத்தமாகக் கிழிந்துவிட்டது, கீழே போய்த்தான் அறுவை செய்ய வேண்டும். அடுத்த விண்ணோடத்தில் நான் இறங்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் பக்கத்துப் படுக்கையிலிருந்து மாதேஸ் கூப்பிட்டார். "ஜெசி, விசாரணை வைக்கறாங்களாம்."

"வைக்காமலா இருப்பாங்க?"

"நான் விளிம்புன்னு சுண்டுனது மேசைக்குப் போகலைன்னு சொல்லீருங்."

நான் திரும்பிப் பார்த்தேன். "போச்சு மாதேஸ். என் வழியாத்தான் போச்சு."

"தெரியுமுங். மேசையில முட்டி எதிரலை திரும்பி வந்துச்சு, எனக்கே தெரியும். அவ பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்லீருக்கா. ஏன் சொன்னான்னு எனக்குப் புரியல. ஆனா அது வெளிய வந்தா அவளோட வேலை போயிரும், கேசு அது இதுன்னு ஆயிரும். உங்க கவ்வி வழுக்குச்சில்ல? அது வலையத் திருப்பறதுக்கு முன்னாடியே வழுக்கி, பதில் உங்ககிட்டயே நின்னு போச்சுன்னு சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"அப்ப பழி என் தலையில."

"நீங்க எப்படியும் கீழ போகத்தானுங்களே போறீங்க," என்றார்.

கொடுமைக்காகச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்குக் கொடுமை செய்யத் தெரியாது. அவளை நினைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லப் போகிறேன், அவள் என்னோடு அதே ஓடத்தில் கீழே இறங்கட்டும், எனக்கு இல்லாதது அவளுக்கு எதற்கு. இப்படித்தான் விசாரணைக்குப் போனேன்.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் விசாரணை. கீழேயிருந்து இரண்டு அதிகாரிகள் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். மெஹர் மேடம் முதலில் என்னைத்தான் கேட்டார். "ஜெசிந்தா, மாதேஸோட பதில் உங்களைத் தாண்டி மேசைக்குப் போச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் வாணி எழுந்துவிட்டாள்.

"போச்சுங் மேடம். வந்துச்சு. விளிம்புன்னு வந்துச்சு. நான் நம்பல. அவரு பொய் சொல்றாருன்னு நெனச்சேன்."

மாதேஸ் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் அவளையே பார்த்தார். "ஏன்?"

"எதிரலை வர்ற நேரம் மாறவே இல்லீங்க. நான் வந்ததுல இருந்தே மாறல. வடத்துல ஒரு தட்டுத் தட்டி, திரும்பி வர்ற நேரத்தை வெச்சு நீளஞ் சொல்றதுதான் என்ற வேலை. பத்து வருசம் அதைத்தான் பண்ணுனேன், ஒரு தடவ தப்புனதில்ல. நேரம் மாறலைன்னா தூரம் மாறல. கதவைத் தாண்டி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டு, விளிம்புக்குப் போனேன்னு எனக்குக் கதை சொல்றாங்கன்னு நெனச்சேன். அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன்." விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். "தினமும் அந்தக் கோட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன் மேடம். யாருகிட்டச் சொல்லுவேன்?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என் எதிரில் உட்கார்ந்து டீ ஆற்றினாளே, அன்று அவள் என்ன கேட்டாள் என்பதும் விளங்கியது.

"அது வடம் இல்ல," என்றேன். "வடம் நீளாது. தூரம் கூடணும்னா இன்னும் வடம் விடணும், அதனால அலை வர நேரம் கூடும். இது ஒரே நூல். இழுக்க இழுக்க நீளும். அலை ஓட வேண்டிய தூரம் கூடும், சரி. ஆனா இழுபட்ட நூலு முறுக்கிட்டு நிக்கும்லா, அதுல அலையும் அதே அளவுக்கு வேகமா ஓடும். தூரம் பத்து மடங்குன்னா வேகமும் பத்து மடங்கு. ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிரும். ஒட்டி நின்னாலும் ஒண்ணுதான், விளிம்புல நின்னாலும் ஒண்ணுதான். அவரு தூக்கி வீசப்பட்டுப் போனப்பவும் அதே நேரத்துலதான் வந்துச்சு."

வாணி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப தூரத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"மேசையில இருந்து முடியாது. அதுக்குத்தான் எங்கேன்னு சுண்டிக் கேக்கறது."

திரையில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஒரு கேள்வி. தவிர்க்க முடியாத கேள்வி. உங்களுக்கும் மாதேஸ்வரனுக்கும் இடையில் ஏதாவது இருக்கிறதா?"

மாதேஸ் நிமிர்ந்தார். "சார், என்ன பேசறீங்க? அப்படி ஒண்ணுமே இல்லீங்க."

அந்த ஒண்ணுமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், என் தோள் கிழிந்ததைவிட எனக்கு அதிகமாக வலித்தது. உண்மைதான். அவருக்கு ஒன்றுமே இல்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை.

"அவருக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றேன். "எனக்கு இருக்கு. ஓராண்டா இருக்கு. அவருகிட்ட நான் சொன்னதில்ல, இப்பத்தான் அவரு காதுலயும் விழுது."

மாதேஸ் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே செத்திருப்பேன். வாணியைப் பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் கண்ணில் இருந்த சந்தேகம் இல்லை. சந்தேகப்பட இனி என்ன இருக்கிறது?

"அப்ப நான் கணக்குல மட்டுந்தான் தப்புப் பண்ணீருக்கேன்," என்றாள்.

முடிவை மெஹர் மேடம் சொன்னார். வாணி இனி மேசையில் உட்காரக் கூடாது. கிழிசல்கள் காத்துக்கொண்டிருக்கின்றன, புது ஆள் வர மாதங்கள் ஆகும், உயரத்தில் தொங்கி வேலை பார்த்துப் பழகியவர்களில் மீதி இருப்பது வாணி மட்டும்தான். மாதேஸ் எலும்பு கூடியதும் நூலின் இந்த முனையில் என் இடத்தில் அவள் நிற்க வேண்டும். "மேசையில உக்கார வெச்சா தப்புக் கணக்குப் போடுறா. இடுப்புல கட்டி விடுங்க, கணக்கே வேண்டாம்," என்றார் மேடம். திரையில் இருந்தவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். எனக்குத் தண்டனையும் இல்லை, பாராட்டு உண்டாம். பாராட்டை வைத்து நான் என்ன செய்ய?

ஓடம் வந்தது. கதவருகே உடுப்பு மாட்டும் இடத்தில் ஒற்றைக் கையோடு என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாதேஸ் வரவில்லை. எந்த முகத்தோடு வருவார், பாவம். வாணிதான் வந்தாள். கையில் என் பெல்ட். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

"ஜெசிந்தா," என்றாள். "ஒண்ணு கேக்கணும். சொல்ல மாட்டேன்னா போயிடறேன்."

"கேளு."

"அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சொல்லாமல் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். சொல்லிக் கொடுக்காவிட்டால் அவள் தடுமாறுவாள், தடுமாறினால் அந்தக் கோடியில் நிற்பது அவர். அவளுக்காக இல்லை, அவருக்காகத்தான் பெல்ட்டை வாங்கினேன்.

"கட்டிக்க," என்றேன். கட்டிக்கொண்டாள். வளையத்தில் நூல் துண்டு ஒன்றை மாட்டி முனையை வலக்கையில் பிடித்தேன். "சுண்டுறதுல தூரம் தெரியாது. இழுப்புலதான் தெரியும். பக்கத்துல நிக்கும்போது இவ்வளவு." மெல்ல இழுத்தேன். "பாதி வழியில இவ்வளவு." அவள் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள். "கால ஊனி நில்லு. கம்பத்துல கட்டியிருப்பாங்க, ஆனாலும் ஊனிக்கணும்."

"விளிம்புல நின்னா?"

நல்ல கையில் நூலைச் சுற்றிக்கொண்டு, சுவரில் காலை முட்டுக் கொடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். பெல்ட் அவள் இடுப்பில் புதைந்தது. அவளுக்கு மூச்சு அடைத்தது. இரண்டு கையாலும் நூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவா?"

"இதுக்கு மேலயும்."

"வேலை முடியற வரைக்குமா?"

"முடியுற வரைக்கும். விடாம. கழத்தினதுக்கு அப்பறமும் இடுப்புல இருக்கும். தூங்கும்போதும் இருக்கும்."

"தினமுமா?"

"ஓராண்டு. தினமும்."

நூலை விட்டேன். அவள் பெல்ட்டைக் கழற்றாமல் நின்றாள். தழும்பு எதுவும் தெரிகிறதா என்று என் இடுப்பைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அது என்ன சுருக்கம் என்று எனக்குத் தெரியும், அவள் வந்த நாளிலிருந்து என் கண்ணாடியில் நான் பார்த்து வந்ததுதான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடத்துக்குள் போனேன். கீழே போய்ச் சேரும் வரை எனக்கு அது போதும்.